முதுகில் கத்தி வைக்கக் கையெழுத்து வைத்தேன்

ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் மனைவி நின்றாள். அண்ணன் நின்றார். மச்சான் நின்றான். டொக்டர் எக்ஸ்ரே படத்தோடு நின்றார்.

வலை இழுத்த நோவென்று ஆறு மாதம் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துத் திரிந்தது என் பிழை. கால்கள் மரத்த பிறகுதான் முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது.

“முந்தி மாதிரிப் பெரிசாக் கிழிக்கிறேல்லை. சின்னத் துளை போட்டு ஆணி பூட்டலாம். ஆனால் குளிசை விழுங்கிறதை விடேலாது,” என்றார் டொக்டர்.

“முதுகிலை கத்தி வைச்சால் பிறகு சில்லுக் கதிரைதான், மச்சான்!” என்று என்னைத் தடுத்தான் மச்சான்.

“இப்பவும் எழும்ப ஏலாமல்தானே கிடக்கிறன். கதிரை எண்டால் நீர் வந்து தள்ளும்.”

கையெழுத்து வைத்தேன்.

இன்று நடக்கிறேன். குளிசையை ஒருநாளும் விடுவதில்லை. நோயின் பெயரை மறைப்பதும் இல்லை. எங்கள் ஊர் மடத்துவெளியில் யாராவது நாள்பட்ட முதுகுவலி என்றால், எண்ணெய்ப் போத்தலைப் பறித்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றுகிறேன்.

இதுவரை நான்கு பேர்.