ஜீவாவின் பின் சீட்

இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைப் பக்கம் டென்ட் அடித்துத் தங்க, நானும் என் நாத்தனார் ஜீவாவும் ஆளுக்கொரு பைக்கில் போகத் திட்டமிட்டோம். ஹட்டன் நகரில் பைக்குக்கான பைகள் விற்கும் கடையில் நான் பின் சீட்டையே மூடும் பெரிய பையை எடுத்தேன். ஜீவா இரண்டு பக்கமும் தொங்கும் சின்னப் பைகளை எடுத்தாள்.

“இதுல என்னடி கொள்ளும்?”

“போதும் அண்ணி. வழியில யாராச்சும் கை காட்டுனா ஏத்திக்க வேணாமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது.

மறுநாள் தேயிலை மலை நடுவே சில பெண்கள் பதறிக்கொண்டு கை காட்டினார்கள். கொழுந்து பறித்த ஓர் அம்மாவைக் குளவி கொட்டியிருந்தது. முகம் வீங்கி, மூச்சு இரைத்தது. ஜீவா அவரைப் பின்னால் உட்காரவைத்து, சால்வையால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினாள்.

“என்னைய இறுக்கிப் புடிச்சிக்கங்கம்மா. வந்துட்டோம், வந்துட்டோம்,” என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினாள். நான் பின்னால் போனேன்.

“நேரத்தோட கொண்டாந்தீங்க,” என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

அன்று நாங்கள் டென்ட் அடிக்கப் போகவில்லை. அந்த அம்மாவின் மகள் வரும்வரை, ஜீவா அவர் கையைப் பிடித்தபடியே கட்டிலருகில் உட்கார்ந்திருந்தாள்.

ஜீவா என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள்தான். ஆனாலும் அதன்பிறகு அவளை ‘டி’ போட்டுக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.