நான் வாசித்த தந்தி

எட்டாம் வகுப்பு வரை படித்த பெண் எங்கள் தெருவிலேயே நான் ஒருத்திதான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. கொழும்பிலிருந்து தந்தி வந்தபோது, வாப்பா அதைப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் கொண்டுபோகத்தான் செருப்பை மாட்டினார். "எதுக்கு வாத்தியாரு? நான் படிக்க மாட்டேனா?" என்று கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். இன்றைக்கும் யாராவது என்னைப் படித்தவள் என்று சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

தந்தியில் காக்காவின் பெயர் இருந்தது. அண்ணனை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். பெயருக்குப் பின்னால் பெர்மிட் என்று ஒரு வார்த்தை. ஏதோ கடைப்பெயர் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். அதற்கடுத்து எக்ஸ்பயர்ட். எங்கள் கடற்கரையில் எழுத்தே தெரியாத பெண்களுக்கும் அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியும். கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் சாவு அந்த வார்த்தையில்தான் வீட்டுக்கு வரும். அதைச் சத்தம்போட்டு வேறு வாசித்தேன்.

உம்மா அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்தக் காகிதத்தை அதற்குப் பிறகு யாரும் கையில் எடுக்கவில்லை.

அடக்க மய்யித்து இல்லாமலே பள்ளிவாசலில் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். காக்காவின் மனைவி, என் மதினி, கருகமணியைக் கழற்றிவிட்டு, வெள்ளை உடுத்தி, உள்ளறையில் திரைக்குப் பின்னால் இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. வாப்பா கடைக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கடையே பூட்டிக் கிடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்? உம்மா சோறு தின்பதை விட்டாள். நாற்பதாம் பாத்திஹா கழிந்த மறுவாரம் அவளும் மௌத்தானாள். இந்தத் தடவை தூக்கிக்கொண்டுபோக மய்யித்து இருந்தது.

இத்தா முடிய ஒன்பது நாள் இருந்தது. வாப்பா அசர் தொழுகைக்குப் போயிருந்தார். வாசலில் ஒரு ஆண்குரல் ஸலாம் சொன்னது. உள்ளேயிருந்து மதினி வழக்கம்போல, "யாரு? உள்ள வராதிய. இங்கன இத்தா இருக்கு" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். தாடி மண்டிப்போய், பாதி உடம்பாகக் காக்கா நின்றார்.

"இத்தாவா?" காக்காவின் முகம் வெளுத்தது. "யாரு மௌத்து? வாப்பாவா புள்ளே?"

"இல்ல."

"பெறகு யாரு?"

"நீங்கதான் காக்கா."

அழுதுகொண்டே தந்தியைச் சொன்னேன். அவர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கொழும்பில் தங்குவதற்கான பெர்மிட் கெடு முடிந்து அவரைப் பிடித்து முகாமில் அடைத்திருக்கிறார்கள். வீட்டுக்குத் தகவல் சொல்லச் சொன்னதைத்தான் கூட்டாளி ஒருவர் தந்தியாக அடித்திருக்கிறார். இப்போது கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். திரைக்குப் பின்னால் மதினி கேவிக் கேவி அழுவது கேட்டது.

"உம்மாவக் கூப்புடு. அவங்களும் சிரிக்கட்டும்."

"உம்மா இல்ல காக்கா. மௌத்தாப் போயிட்டாக."

அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதையும் நீதானே படிச்சே?"