டேங்க் மூடிக்கு ஒரு பூட்டு

அறுபதுகளில் தோல் வியாபாரத்துக்காகப் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். எவ்வளவு பெட்ரோல் ஊற்றினாலும் தங்காது. அவ்வப்போது வண்டியை இரவல் வாங்கிப்போகும் என் மச்சினன் காதர் மீதுதான் எனக்குச் சந்தேகம். நேரில் கேட்கக் கூச்சம். திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்? பட்டறையில் சொல்லி டேங்க் மூடிக்கே ஒரு பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டேன்.

ஒருநாள் காதரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கன்னிவாடிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றுவிட்டது. காதர் குனிந்து பார்த்தான்.

“என்ன மச்சான், ஸ்டார்ட் பண்ணப் போட்ட சோக்கை இன்னும் எடுக்கலையா? எஞ்சின் சூடானதும் எடுத்துறணும். இல்லைன்னா பெட்ரோல் அம்புட்டையும் குடிச்சுத் தீத்துரும்ல.”

எடுக்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது.

வெயிலில் நடந்துபோய் ஒரு பாட்டிலில் பெட்ரோல் வாங்கிவந்தான். அதை ஊற்ற வேண்டுமே. இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேன். நான் பூட்டைத் திறந்து முடிக்கும்வரை அவன் மலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்றே பூட்டைக் கழற்றிவிட்டேன். காதர் அதன்பின் வண்டி கேட்கவே இல்லை. நானாக வண்டிச் சாவியை நீட்டினாலும், “இருக்கட்டும் மச்சான், பஸ்ஸே தோதா இருக்கு” என்று சிரிப்பான்.