'தேவையில்லை' என்று எழுதிய வயர்

பேனா பிடிக்கிறவன் குறடு பிடிக்கக் கூடாது. போன செவ்வாய்க்கிழமைதான் எனக்கு அது புரிந்தது.

உரும்பிராயில் என் அக்காவின் மிளகாய்த் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பின் தண்டு முறிந்து நாலு நாள். கன்றுகள் வாடித் தொங்கிவிட்டன. அவளுடைய இந்த வருடச் சீவியமே அதுதான். புதுத் தண்டு கடைந்தாயிற்று. அதில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், மட்டும் வெட்ட வேண்டும். குருநகர் மரியதாஸ் அண்ணையின் பட்டறையில் அதற்கு மெசின் உண்டு. அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

ஊரில் கறண்ட் நின்று வருடங்கள் ஆயிற்று; மண்ணெண்ணெயில்தான் ஜெனரேற்றர் ஓடியது. ஆனால், மெசினின் வெட்டும் தலை கீழே இறங்கவில்லை. அதை ஏற்றி இறக்கும் சேர்வோ மோட்டர் முனகியது... சூடேறியது... அசையவே இல்லை.

"மோட்டரைப் பிடிச்சு நிப்பாட்டிற பிரேக் கறள் பிடிச்சு இறுகிட்டுது. கழட்டித் தட்டுவம்" என்றேன். என்னை யார் கேட்டது?

"சுத்தியலைக் கீழை வையும் ஐசே" என்றார் அண்ணை.

"உடைச்சுப் போடாதை தம்பி. என்ரை கண்டுகள் செத்துப் போயிடும்" என்றாள் அக்கா.

அண்ணை ஜெனரேற்றரை நிறுத்தினார். தலை விழாதபடி மரக்கட்டையை முண்டு கொடுத்தார். இரண்டு கார் பற்றறிகளைத் தொடுத்து, பிரேக்குக்குப் போகும் வயரில் வைத்தார். 'டக்'. எடுத்தார். மறுபடியும் 'டக்'.

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. கறண்ட் வந்தால்தான் உது பிடியை விடும். கறண்ட்தான் வரேல்லை."

ஏன் வரவில்லை? வயரைப் பிடித்துக்கொண்டே சுவிட்ச் பெட்டி வரை போனார். அதன் நுனி அங்கே கழன்று கிடந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. அதில் ஒரு சொல்: 'தேவையில்லை'.

என் கையெழுத்து!

போன மாதம் இதே பத்திரிகைப் பத்தியில் மண்ணெண்ணெய்ச் சிக்கனம் பற்றி எழுதினேனே, நினைவிருக்கிறதா? அந்தச் சூட்டோடு இங்கே வந்து ஜெனரேற்றரின் சுமையைக் குறைக்கிறேன் என்று விசிறி, பல்பு எல்லாம் கழற்றினேன். நிற்பாட்டுகிற பிரேக்குக்கு எதற்குக் கறண்ட் என்று அதையும்... அதற்குப் பிறகு அந்த மெசினுக்கு வேலையே வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அண்ணை பிளாஸ்டரை உரித்தார். வயரைப் பூட்டி, ஜெனரேற்றரை ஓட்டி, மரக்கட்டையை எடுத்தார். 'டக்'. தலை இறங்கியது. அரை மணித்தியாலத்தில் காடி தயார்.

மறுநாள் காலை தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. வெள்ளிக்கிழமை போனபோது கன்றுகள் நிமிர்ந்திருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:

"மெய்யே தம்பி, கறண்ட் இல்லாட்டி அந்தப் பிரேக் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்குமோ?"

"ஓம்."

"அப்ப அது எங்கடை ஊர்ச் சாமான்தான்."