எவ்வளவு ஆழம் வெட்டுவிய?

அருமனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் வெட்டுவது என் தொழில். மரத்தைச் சாய்ப்பதில்லை, பால் வடியப் பட்டையைச் சீவுவது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அதிலும் இரண்டு வருஷம் இருந்தேன். போன வருஷம் மேல் வரிசைக்கு ஏறும்போது கண் இருண்டு விழுந்தேன். வாளிப் பால் முழுக்கத் தலையில். காய்ந்ததை உரித்தபோது பாதி முடியும் கூடவே வந்தது. மீதி முடிக்கு ஏற்கெனவே என்னைப் பிடிக்காது.

திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இதயத்தின் நடுச்சுவர் தடித்து, ரத்தம் வெளியே போகிற வழியை அடைக்கிறதாம். என் மனைவி கொஞ்சமும் அதிரவில்லை. "இவருக்கு நெஞ்சழுத்தம் கூடுதலுன்னு கல்யாணம் முடிஞ்ச வாரமே நான் கண்டுபிடிச்சாச்சு டாக்டரே" என்றாள்.

மாத்திரை தின்று பார்த்தேன். பத்து மரம் தாண்டினால் மூச்சு முட்டியது. இனி இரண்டு வழிதான் என்றார் டாக்டரம்மா. ஒன்று, குழாய் விட்டு, தடித்த சதைக்கு ரத்தம் கொடுக்கிற சின்னக் குழலில் கொஞ்சம் ஆல்கஹால் செலுத்தி அந்த இடத்தை மட்டும் வாடவைப்பது. நெஞ்சைத் திறக்க வேண்டாம், சில நாளில் வீடு. மற்றது, நெஞ்செலும்பைப் பிளந்து சதையைச் சீவி எடுப்பது. இரண்டு மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது.

இலை உதிர்ந்து வெட்டு நிற்கும் காலம் அது. தளிர் முற்றும்போது நான் வராவிட்டால் மரங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று தோட்டக்காரர் சொல்லியிருந்தார். அதனால் முதல் வழியே போதும் என்று முந்திக்கொண்டு சொன்னேன். மனைவி விடவில்லை.

"இத்தன வருசம் வாய் வழியா ஊத்துனது காணாதா? இனி நேரா நெஞ்சுக்குள்ளயா?"

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அது பலருக்கும் நல்ல வழிதான். பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும் வாய்ப்பு மட்டும் அதில் கொஞ்சம் கூடுதல். ஆனால் என்னுடைய சின்னக் குழல் வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. பக்கத்து வால்விலும் கோளாறு. எனக்குக் கத்திதான் ஏற்றது.

தினமும் இருநூறு மரத்தில் கத்தி வைக்கிறவன், அதைக் கேட்டதும் நடுங்கினேன். அறுவை செய்கிற டாக்டர் வந்ததும் என் வாய்தான் முதலில் திறந்தது.

"சாரே, எவ்வளவு ஆழம் வெட்டுவிய?"

கொஞ்சமாக வெட்டினால் அடைப்பு அப்படியே இருக்கும், கூடிப்போனால் சுவரில் ஓட்டை விழும் என்றார் அவர். பிறகு, மரத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"கை சொல்லும் சாரே. பட்ட மெலிஞ்சு உள்ள இருக்க தடியில கத்தி தட்டப்போவும்போ ஒரு வித்தியாசம் தெரியும். அங்க நிறுத்தணும்."

அவருக்குக் கை மட்டும் போதாதாம். முன்பே படத்தில் அளந்து குறித்துக்கொள்வார். வெட்டி முடித்து, நிறுத்தி வைத்த இதயம் துடிக்கத் தொடங்கியதும் அங்கேயே திரும்பப் பார்ப்பார். அடைப்பு மிச்சமிருந்தால் மறுபடி சீவுவார். நான் வெட்டியதை யாரும் அளந்ததில்லை. அளந்திருந்தால் வேலை என்றைக்கோ போயிருக்கும். நான் காயப்படுத்திய மரங்கள் முண்டும் முடிச்சுமாக இன்னும் நிற்கின்றன. என்னைவிட நல்ல வெட்டுக்காரரிடம் நெஞ்சைக் கொடுக்கிறோம் என்று தைரியம் வந்தது. சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வைக்கப் பெருவிரலில் மை தடவப் பார்த்தேன். மனைவி பேனாவைப் பிடுங்கிக் கையில் திணித்தாள்.

கண் விழித்தபோது நெஞ்சுக்குள் ஒரு லாரி நின்றது. இருமினால் அது நகர்ந்தது. ஆனாலும் மறுநாள் அறைக்குள் நடந்தபோது மூச்சு தாராளமாக வந்தது. அடைப்பு போய்விட்டது என்று டாக்டர் படத்தைக் காட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தேன்.

பாரம் தூக்காத மாதங்கள் கழிந்து, தளிர் முற்றி வெட்டுத் தொடங்கிய அன்று, டாக்டரம்மாவின் சம்மதத்தோடு மேட்டில் ஏறினேன். நான் விழுந்தால் பிடிக்க மனைவியும் பின்னால் வந்தாள். மேல் வரிசை வரைக்கும் எங்கும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் பாதி வழியில் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்கும் ஒரு ஸ்கேன் எடுப்பமா?"

"சும்மா கெடயும். வந்த வேலையப் பாரும்."

கீழே தோட்டக்காரர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவருக்குத் தெரிகிற மாதிரி கையை வீசிவிட்டு, முதல் மரத்தில் கத்தியை வைத்தேன்.