அடுத்த கேஸ் சொல்லுங்க

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு ராஜினாமா கடிதம் வந்தது. மூன்றே வரி. குடும்பச் சூழ்நிலையால் வேலையைத் தொடர முடியவில்லை, இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி, இப்படிக்கு முத்துலட்சுமி.

'ஆதரவு' என்ற அந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன். நான் என்ன ஆதரவு தந்தேன்?

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்தப் பத்தி எழுதாத நாட்களில் நான் மனநல ஆலோசகர். முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தேன். இப்போது, நோயாளிகளைப் பார்ப்பவர்களைப் பார்க்கிறேன். அருப்புக்கோட்டையில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். அதில் ஏழு பெண்கள். திருச்சுழி பக்கம் ஊர் ஊராகப் போய், மனசு சரியில்லாதவர்களின் வீட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்.

மாதம் இரண்டு முறை இந்த ஏழு பேரோடு உட்கார்வது என் வேலை. சூப்பர்விஷன் என்று பெயர். கேட்டால் ஏதோ கட்டட மேஸ்திரி வேலை மாதிரி இருக்கும். உண்மையில், நாளெல்லாம் அடுத்தவர் துக்கத்தைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் அதை இறக்கி வைக்க ஓர் இடம். ஆலோசகர்களுக்கான பயிற்சி வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்...

முத்துலட்சுமிக்கு முப்பத்தைந்து வயசு. எம்.ரெட்டியபட்டி. பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டே தபாலில் பட்டம் வாங்கியவள். அவள் பார்த்தவர்களில் ஒருவர் அழகர்சாமி என்ற விவசாயி. (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) ஒரே மகன் பைக் விபத்தில் போன பிறகு அந்த மனிதர் பேச்சையே நிறுத்திவிட்டார். நாலு வியாழக்கிழமை அவள் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். ஐந்தாவது வியாழன், "இன்னைக்கு மழை வருமா?" என்று கேட்டாராம். அதை எங்களிடம் சொன்னபோது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

எட்டு மாதம் போனது. அழகர்சாமி காட்டுக்குப் போக ஆரம்பித்தார். சிரித்தார். ஒரு வியாழக்கிழமை அவளுக்குப் பை நிறைய மொச்சைக்காய் கொடுத்து, இனிமேல் வாராவாரம் அலைய வேண்டாம், நான் நல்லாத்தான் இருக்கிறேன் என்றார். அவளும் படிவத்தில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினாள்.

அடுத்த திங்கட்கிழமை அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அந்த வாரக் கூட்டத்தில் நான் என்ன செய்தேன்? படிவத்தை எடுத்தேன். கடைசியாக எப்போது பார்த்தீங்க, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, சாகணும்னு தோணுதான்னு கேட்டீங்களா — வரிசையாகக் கேட்டேன். வரிசையாகப் பதில் சொன்னாள். அழவில்லை. குரல்கூட மாறவில்லை. எழுதி முடித்துவிட்டு நான் சொன்னேன்: "சரி... அடுத்த கேஸ் சொல்லுங்க."

அவளும் சொன்னாள்.

அப்புறம் மூன்று மாதம் ஒழுங்காக வேலைக்கு வந்தாள். ரிப்போர்ட் கொடுத்தாள். தைரியமான பெண் என்று நினைத்துக்கொண்டேன். நமக்குத் தொந்தரவு தராதவர்களைத்தானே நாம் தைரியசாலி என்கிறோம்?

கடிதம் வந்த மறுநாள் எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். பருத்தி எடுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். காட்டில் கண்டுபிடித்தேன். மடியில் பருத்தியோடு நிமிர்ந்தவள் என்னைப் பார்த்து வெட்கப்படவும் இல்லை, சந்தோஷப்படவும் இல்லை. வரப்பில் உட்கார்ந்தோம்.

வீட்டில் என்ன பிரச்னை என்று கேட்டேன். வீட்டில் ஒன்றும் இல்லை என்றாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். இந்த மூன்று மாதமும் வியாழக்கிழமை தவறாமல் அழகர்சாமி வீட்டுக்குப் போயிருக்கிறாள். யாரும் அனுப்பவில்லை. ரிப்போர்ட்டிலும் எழுதவில்லை. அவர் மனைவிக்கு ஆறுதல் சொல்லத்தான் போனாளாம்.

"மொத நாளே அந்தம்மா என்னையப் பாத்து, 'நீ தூங்குனியா தாயி?'ன்னு கேட்டாக மேடம். மகனையும் பறிகுடுத்து, புருசனையும் பறிகுடுத்தவுக. அவுக கேட்டாக. வேற யாரும் கேக்கல."



இப்போதெல்லாம் யார் 'நல்லா இருக்கேன்' என்று சொன்னாலும் அவளுக்குப் பயமாக இருக்கிறதாம். போன மாதம் பார்க்கப் போன ஒரு பெண் அப்படிச் சொல்லிச் சிரித்ததும் இவள் கிளம்ப மனசில்லாமல் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பெண்ணை இன்னொரு பணியாளர் பொறுப்பில் விட்டுவிட்டுத்தான் கடிதத்தை எழுதியிருக்கிறாள்.

"அந்தய்யா சொன்னத நம்பி ஏமாந்தவ நான் ஒருத்திதான மேடம்?" என்றாள்.

ஒருத்தி இல்லை. 'நல்ல முன்னேற்றம்' என்ற அந்தப் படிவம் அன்று மாலையே என் போனுக்கு வந்தது. முப்பது வருட அனுபவத்தோடு அதைப் படித்தேன். எனக்கும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மனசுக்குள் அவளைப் பாராட்டிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

அதை அவளிடம் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

திரும்ப வரச் சொல்லிக் கேட்டேன். இப்போதைக்கு முடியாது என்றாள். வியாழக்கிழமை அந்த வீட்டுக்குப் போவதை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க என்றாள். எப்படிச் சொல்வேன்? மதுரையில் எனக்குத் தெரிந்த டாக்டரம்மா ஒருவரிடம் அவளுக்காக நேரம் வாங்கியிருக்கிறேன். போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

நேற்று கூட்டம். ஆறு பேர் வந்திருந்தார்கள். முத்துலட்சுமி ஏன் போனாள், அதில் என் தப்பு என்ன என்பதை முதலில் சொன்னேன். பிறகு மல்லாங்கிணறு ஊரிலிருந்து வருகிற பெண், நாலு வருடத்துக்கு முன்னால் தன் கையைப் பிடித்தபடியே இறந்துபோன ஒரு பெரியவரைப் பற்றிப் பேசினாள். அவள் முடித்ததும் இன்னொருத்தி. அப்புறம் இன்னொருத்தி.

மூன்று பேருமே ஐந்து வருடமாக என்னோடு இருப்பவர்கள். நேற்று அவர்கள் சொன்னது எதுவும்... எனக்கு அதுவரை தெரியாது.