ஆற்றுவாய்க்கு அந்தப் பக்கம்

எங்கள் நாட்டுக்கு நிலத்தில் எல்லை கிடையாது, சுற்றிவரக் கடல்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். பத்தாம் வகுப்போடு நிறுத்திய எனக்கு மனதில் நின்ற சில பாடங்களில் அதுவும் ஒன்று. மற்ற நாட்டுக்காரர்கள் எல்லையில் கம்பிவேலி போட்டுக் காவல் இருப்பார்களாம். நாங்களோ மாரிக்கு மாரி எங்கள் எல்லையை மண்வெட்டியால் வெட்டித் திறந்து விடுவோம்.

எங்கள் ஊருக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டும் சேரும் இடம் ஆற்றுவாய். வெயில் காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி அதை மூடிவிடும். அப்போது அந்த மணல் திட்டின் மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டே தென்பக்கத்து ஊருக்குப் போய்விடலாம். மாரியில் வெள்ளம் எல்லாம் வாவிக்குள் இறங்கி, கடலுக்குப் போக வழியில்லாமல் வயல்களில் ஏறும். இளம்பயிர் அழுகுவதற்கு முன், அனுமதி எடுத்து, இரண்டு ஊராரும் கூடித் திட்டை வெட்டுவோம்.

போன மாரியில் நானும் போனேன். மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வரும் என்றார்கள். அது வருகிற வழியில் சேற்றில் புதைந்துவிட்டது. ஆகவே பழையபடி மண்வெட்டிதான்.

அன்று என் மனம் பயிரில் இல்லை. மூத்த மகள் தென்பக்கத்து ஊரில் ஒரு பையனை விரும்பியிருந்தாள். எங்கள் பகுதியில் பெண் வீட்டார்தான் போய் மாப்பிள்ளை கேட்க வேண்டும். அடுத்த புதன்கிழமை போவதாக முடிவு செய்திருந்தோம். அந்தப் பையனை வேறு ஒரு வீட்டாரும் கேட்க இருப்பதாகக் கேள்வி. முதல் பேச்சுப் பிழைத்தால் காரியம் கெட்டுவிடும் என்று மகள் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. மனைவி எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தாள்:

"என்ட அண்ணன் கதைப்பாரு. நீங்க தலையை ஆட்டினாக் காணும். வாயைத் திறந்து கெடுத்துப் போடாதீங்க."

அவள் சொன்னதில் பிழை இல்லை. பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி நடந்து வந்த ஆள் நான்.

ஆற்றுவாய்க்குப் போனால் பையனின் தகப்பனார் அங்கே நிற்கிறார். தலையில் கட்டிய சிவப்புத் துவாய், கடல் இரைச்சலையும் மீறுகிற குரல். எனக்கு அவரைத் தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது. அப்படியே இருந்தால் நல்லது என்று, அவர் வடக்கே வந்தால் நான் தெற்கே போனேன். அவர் தெற்கே வந்தால் நான் வடக்கே. இப்படியே மத்தியானம் ஆகிவிட்டது.

கடல் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு போய், வாவி ஓரத்தில் இரண்டு முழ அகலத்துக்கு மணலைச் சுவர்போல் விட்டு வைப்பது வழக்கம். அதை உடைப்பதற்கு முன் ஒருவர் மூன்று தரம் கூப்பிடுவார்.

"போறவங்க போங்க! வாறவங்க வாங்க!"

அவரவர் தங்கள் ஊர்ப் பக்கம் போய்விட வேண்டும். நான் அப்போது தென்பக்கம். வெட்டைக் கடந்து வடக்கே போக அந்தச் சுவர் ஒன்றுதான் வழி. அதன்மேல் அவர் நின்றுகொண்டு, கடக்கிற ஒவ்வொருவரிடமும் பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். விலகட்டும் என்று காத்து நின்றேன். மூன்றாவது கூப்பாடும் முடிந்தது. அவர் தென்பக்கம் குதித்தார். சுவரை உடைத்துவிட்டார்கள்.

வாய்க்கால்போல ஓடத் தொடங்கிய தண்ணீர், இரு கரை மணலையும் பாளம் பாளமாக விழுத்தியது. பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு லொறி போகும் அகலம் வந்துவிட்டது. என் சட்டை, போன், சைக்கிள் எல்லாம் அந்தப் பக்கம். நான் இடுப்பில் சேறு படிந்த சாரத்தோடு இந்தப் பக்கம்.

வடகரையில் எங்கள் ஊர்ப் பொடியன்மார் என்னைக் கண்டுவிட்டார்கள்.

"மாமா! பாஸ்போட் வெச்சிருக்கீங்களா?"

"விசா முடியிறதுக்குள்ள வந்திருங்க!"

நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பையனின் தகப்பனார் கிட்ட வந்தார்.

"அந்தப் பக்கத்து ஆளா? ஏன் நேரத்துக்குப் போகல்ல?"

அதற்குள் அக்கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"அண்ணே, அவரைக் கவனமாப் பாருங்க! உங்கட சம்பந்தி!"

புதன்கிழமை விசயம் எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

அவர் சிரிக்கவில்லை. "சம்பந்தியா? எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் வந்து கேக்கல்லியே," என்றார்.

சுற்றி நின்றவர்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பேசாமல் நின்றால் அவரை மதிக்காததுபோல் ஆகிவிடும். பேசினால், பேச இருந்த மச்சான் கோபிப்பார். மகள் தொடாமல் வைத்த சோற்றுக் கோப்பை நினைவுக்கு வந்தது.

"புதன்கிழமை வர இருந்த நாங்க," என்றேன். "எனக்குக் கதைக்க வராது. உங்களைக் கண்டு ஒளிச்சுத் திரிஞ்ச நான். அதாலதான் இஞ்சால நிண்டுட்டன். என்ட மகளுக்கு உங்கட மகனைத் தருவீங்களா?"

 அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"காலையிலயிருந்து என்னைக் கண்டா நண்டு மாதிரி ஓடின ஆள் நீங்கதானா? நான் என்ட மண்வெட்டியை எடுத்த கள்ளனெண்டெல்லோ நினைச்சன்! இத்தினை பேருக்கு முன்னால கேட்டுப்போட்டுக் கதைக்க வராதாம். வாங்க வாங்க, சோறு தின்னுவம்."

அவர் வீட்டில் குளித்தேன். மீன்குழம்பும் சோறும் தந்தார்கள். பையன் வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய தாய் அவன் சட்டை ஒன்றை மடித்துக் கொண்டுவந்தார்.

"இவனும் ரெண்டு கிழமையா ஒழுங்காத் தின்னாமத்தான் திரியிறான்," என்றார். "எங்களுக்கு விருப்பம்தான். மறுகா என்ன? புதன்கிழமை எல்லாரையும் கூட்டிக்கொண்டு முறைக்கு வாங்க."

வாவிக்கு மேலால் போகும் பாலத்தைச் சுற்றி மூன்று மைல் நடந்து வீடு சேர்ந்தேன். செய்தி எனக்கு முன்னமே வந்திருந்தது, ஆனால் பாதிதான். மச்சான் முற்றத்தில் கதிரை போட்டு முகத்தை இறுக்கிக்கொண்டு இருந்தார். மனைவி வாசல் படலையடிக்கு ஓடிவந்தாள்.

"மேல்ல சட்டையில்லாம அந்தப் பக்கம் நிக்கிறீங்கெண்டாங்களே. இது ஆருட சட்டை?"

"மருமகன்ட," என்றேன்.

குசினியில் மகள் கோப்பை கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.